மீறுவோர் எழுதும் சட்டம்

வேக வரம்பு பொறியாளர்களின் கணக்கு, இலக்கியம் பேசும் இடத்தில் அதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொற்கள் எங்கே எதை மறைக்கின்றன என்று பார்ப்பது நம் வேலை என்றால், இதுவும் நம் வேலைதான். 'நியாயமான ஓட்டுநர்' என்றொரு சொற்றொடர் அமெரிக்கச் சாலை நிர்வாகத்தில் பல பத்தாண்டுகளாகப் புழங்கி வருகிறது. கேட்பதற்குச் சாதுவான சொற்றொடர். அதன் பெயரால் நடந்திருப்பதைக் கலிஃபோர்னியாவை வைத்துப் பார்ப்போம்.

குடியிருப்புத் தெருக்களுக்கும் பள்ளி வட்டாரங்களுக்கும் மணிக்கு 25 மைல் (40 கிலோமீட்டர்) என்று அம்மாநிலச் சட்டமே வகுத்துவிட்டது. சிக்கல் மற்ற சாலைகளில். அங்கே நகரசபை தன் விருப்பப்படி ஓர் எண்ணை எழுதிவிட முடியாது. முதலில் போக்குவரத்து ஆய்வு நடத்த வேண்டும். வார நாளில், நெரிசல் ஓய்ந்த நேரத்தில், வானம் தெளிந்திருக்கும்போது, தடையின்றி ஓடும் வண்டிகளின் வேகம் அளக்கப்படும். நூறு வண்டிகளை அளந்தார்கள் என்று கொள்வோம். மெதுவாகச் சென்றதிலிருந்து வேகமாகச் சென்றது வரை வரிசைப்படுத்தி, 85ஆவது வண்டியின் வேகத்தை எடுத்து, அதற்கு அருகிலுள்ள ஐந்தின் மடங்கை வரம்பாக அறிவிப்பார்கள். விபத்துப் பதிவுகளையோ, ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஆபத்துகளையோ காரணம் காட்டி 5 மைல் குறைக்கலாம். நடந்து செல்வோரின் பாதுகாப்பையும் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாப்பையும் கருத்தில் கொள்ளலாம் என்றுதான் 2021 வரை சட்டம் சொன்னது. கவனியுங்கள்: கொள்'லாம்'. வண்டியின் வேகத்தை அளந்தே ஆக வேண்டும். மனிதரைக் கருத்தில் கொள்வது அவரவர் சௌகரியமாக இருந்தது.

இதைவிட விசித்திரமானது மறுஆய்வு. இந்த ஆய்வுக்கு ஆயுள் உண்டு. 2021 வரை அது 5 ஆண்டு, சில நிபந்தனைகளின் பேரில் 7, அதிகபட்சம் 10. ஆயுள் முடிந்த சாலையில் காவலர் ரேடார் கருவியால் வேகத்தை அளந்து வழக்குப் போட்டால் அது நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே அப்போது நகரசபைக்கு முன் இருந்தவை இரண்டே வழிகள். ஆய்வைக் காலாவதியாக விட்டு, வரம்பைப் பலகையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது மீண்டும் அளந்து, இடைப்பட்ட ஆண்டுகளில் வேகம் கூடியிருந்தால், வரம்பையும் கூட்டலாம். வேகமாக ஓட்டுவோரைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் அந்த வேகத்தைச் சட்டபூர்வமாக்கு என்பதே இதன் பொருளாக இருந்தது. சாலையில் ஒருவரும் சாகக்கூடாது, 2025க்குள் அந்நிலையை எட்டுவோம் என்று லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2015இல் உறுதி பூண்டது. அதே நகரத்தின் சபை 2018இல் நூறு மைலுக்கும் அதிகமான சாலைகளில் வரம்பை உயர்த்தி வாக்களித்தது. உறுப்பினர்கள் கொடியவர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சட்டம் அவர்களை அந்த மூலைக்குத் தள்ளியிருந்தது.

இவ்விதியை ஆதரிப்போரின் வாதம் எளியது: பெரும்பான்மை ஓட்டுநர்கள் நியாயமானவர்கள், நூற்றுக்கு 85 பேர் தேர்ந்துகொள்ளும் வேகம் அந்தச் சாலைக்கு ஏற்ற வேகமாகத்தான் இருக்கும். இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, ஓட்டுநர் வேகத்தைத் தேர்ந்துகொள்வது வெற்றிடத்தில் அன்று. அகன்ற, நேரான, தடையற்ற சாலை தன்னளவிலேயே வேகத்துக்கு அழைப்பு. கண்காணிப்பும் இல்லாதபோது அளக்கப்படும் வேகம் நியாய உணர்வின் அளவாகாது. இரண்டாவது, வாக்களிப்போர் பட்டியலில் பாதிப்பேர் இல்லை. சாலையைக் கடக்க ஓரத்தில் காத்து நிற்கும் கிழவிக்கு அந்தக் கணக்கில் எண் கிடையாது. பயந்துபோய் அந்தத் தெருவில் மிதிவண்டி ஓட்டுவதையே விட்டுவிட்ட சிறுவனுக்கும் கிடையாது. அவர்கள் வரவில்லை என்பதாலேயே சாலை தடையற்றதாகத் தெரிகிறது. தடையற்றதாகத் தெரிவதாலேயே வேகம் கூடுகிறது.

இது எங்கள் கற்பனை அன்று. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொன்னது. வரம்பை 85ஆவது வண்டிக்கு ஏற்ப உயர்த்தினால் ஓட்டும் வேகம் உயர்கிறது. அடுத்த முறை அளக்கும்போது 85ஆவது வண்டி இன்னும் வேகமாகப் போகிறது. 2005 முதல் 2014 வரை அந்நாட்டில் வேகம் தொடர்பான விபத்துகளில் இறந்தோர் 1,12,580 பேர் என்றும் அவ்வறிக்கை கணக்கிட்டது.

எதிர்த்தரப்பின் சரித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். 1920களில் சிற்றூர்கள் பொருத்தமற்ற வரம்பை நட்டு, மறைந்திருந்து பிடித்து, அபராதத்தால் கஜானாவை நிரப்பின. அந்த வழிப்பறியைத் தடுக்கவே கலிஃபோர்னியா 1923இல் 'வேகப் பொறி'க்கு எதிராகச் சட்டமியற்றியது. அதிகாரத்தின் மீது குடிமகன் கொண்ட அந்தச் சந்தேகம் நியாயமானது. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் காவலரிடமிருந்து ஓட்டுநரைக் காக்க எழுந்த வேலி, ஓட்டுநரிடமிருந்து நடப்பவரைக் காக்கும் வழியையும் அடைத்துவிட்டது. சராசரியிலிருந்து மிக விலகி ஓட்டுவோரே அதிகம் விபத்துக்குள்ளாகிறார்கள் என்று கூறி இவ்விதிக்கு வலுச்சேர்த்த சாலமனின் 1964ஆம் ஆண்டு ஆய்வோ கிராமப்புற நெடுஞ்சாலைகளைப் பற்றியது. பேருந்து நிறுத்தமும் மளிகைக் கடையும் பள்ளிக்கூடமும் உள்ள நகரத் தெருவுக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட்டது அறிவியலாகாது.

ஐந்து மைல் கூடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு உடல் பதில் சொல்கிறது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான 'டிரிப்பிள் ஏ'யின் அறக்கட்டளை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, மணிக்கு 23 மைல் வேகத்தில் மோதப்படும் பாதசாரி இறக்கும் வாய்ப்பு 10 சதவீதம். 32 மைலில் 25. 42 மைலில் 50. ஓட்டுநர்களின் சங்கத்தைச் சேர்ந்தவர்களே தந்த கணக்கு என்பதை நினைவில் கொள்க.

2021இல் கலிஃபோர்னியா இறங்கி வந்தது. சட்டமன்ற உறுப்பினர் லாரா ஃப்ரீட்மன் கொண்டுவந்த மசோதா சட்டமானது. புதிய ஆய்வு என்ன சொன்னாலும் பழைய வரம்பை நகரசபை தக்கவைத்துக்கொள்ளலாம், நடப்போர் மிகுந்த இடங்களில் கூடுதலாகக் குறைக்கலாம், ஆய்வின் ஆயுளை 14 ஆண்டுவரை நீட்டிக்கலாம் என்றானது. லாஸ் ஏஞ்சலஸ் 2022இல் 170 மைலுக்கும் அதிகமான சாலைகளில் வரம்பைத் தணித்தது. வரவேற்கிறோம். எனினும் கணக்கு இன்றும் தொடங்குவது அதே 85ஆவது வண்டியிலிருந்துதான். புதிய சட்டம் தந்தவை விதிவிலக்குகள். 2023இல் அந்நகரத்தில் கொலையுண்டவர்களைவிடச் சாலையில் மாண்டவர்கள் அதிகம்.

வேறு விதமாகத் தொடங்க முடியும் என்பதற்கு வேல்ஸ் சாட்சி. 2023 செப்டம்பர் 17 முதல் அங்கே தெருவிளக்குகள் உள்ள ஊர்ச் சாலைகளின் இயல்பு வரம்பு 30 மைலிலிருந்து 20 ஆனது. எங்கே 30 இருக்கலாம் என்று காரணம் காட்டும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களிடம் வந்தது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மனுவில் 4,60,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 2024இல் மறுஆய்வு நடந்தது. அப்போது அரசு குடிமக்களிடமும் மன்றங்களிடமும் எந்தச் சாலை என்று கேட்டது. வரம்பு மாறிய பின் 20, 30 மைல் சாலைகளில் அடிபட்டோர், இறந்தோர் தொகை முந்தைய ஆண்டைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. அங்கும் மறுஆய்வு, இங்கும் மறுஆய்வு. ஒன்று ஊரைக் கேட்கிறது, மற்றொன்று வண்டியைக் கேட்கிறது.

பெரும்பான்மையினர் மீறுகிறார்கள் என்பதற்காகச் சட்டத்தை வளைப்பதை வேறு எந்தத் துறையிலும் நாம் நடுநிலை என்று அழைப்பதில்லை. வரி ஏய்ப்போரில் 85ஆவது ஆளைக் கேட்டு வரிவிகிதத்தை யாரும் வகுப்பதில்லை. சாலையில் மட்டும் அதற்கு அறிவியல் என்று பெயர். நாங்கள் கேட்பது கணக்கின் வரிசையை மாற்றச் சொல்லித்தான். இந்தத் தெருவில் யார் நடக்கிறார்கள், யார் இறந்தார்கள், எந்த வேகத்தில் மோதினால் பிழைப்பார்கள் என்ற கேள்விகளிலிருந்து நகரசபை தொடங்கட்டும். வண்டிகள் அதைவிட வேகமாக ஓடினால், மாற்ற வேண்டியது சாலையின் அகலத்தை. பலகையிலுள்ள எண்ணை உயர்த்துவதை இனியும் நியாயம் என்று எழுதாதிருக்கட்டும்.