பனப்பாக்கமும் பழைய ஜாகுவாரும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிச் செல்லும்போது, எங்கள் தாமலுக்கு அப்பால் சிறிது தொலைவில் இருக்கிறது பனப்பாக்கம். டாடா மோட்டார்ஸ் நிறுவனம் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் அமைக்கும் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வாகனங்கள் அங்கு உருவாகும், 5,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்பது அறிவிப்பு. வேலைவாய்ப்பைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. 2008இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு 230 கோடி டாலர் கொடுத்து டாடா வாங்கியதில் ஒரு பெயரின் விலையும் அடங்கியிருந்தது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

அந்தப் பெயரின் வரலாறு சுவையானது. 1922இல் பிளாக்பூல் நகரில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்யத் தொடங்கியவர் வில்லியம் லயன்ஸ். பின்னர் எஸ்.எஸ். என்ற பெயரில் கார்களை விற்றார். ஹிட்லரின் படையை நினைவூட்டிய அவ்வெழுத்துகள் 1945இல் கைவிடப்பட, நிறுவனம் ஜாகுவார் ஆயிற்று. 1948 லண்டன் கண்காட்சியில் வந்த எக்ஸ்.கே.120, மணிக்கு 120 மைல், அதாவது 193 கிலோமீட்டர் வேகத்தைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. முதல் சுமார் 240 கார்களுக்கு, மரச்சட்டத்தின்மீது அலுமினியத் தகடுகளைக் கையால் பொருத்தினார்கள். தேவை பெருகியதும் 1950இல் எஃகு உடலுக்கு மாறினார்கள். இன்று சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுத்துத் தேடுவது அந்த அலுமினியக் கார்களையே!

பந்தயத்தில் ஓடியதென்றால் மதிப்பு இன்னும் ஏறும். 1956 லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற டி-டைப் கார், 2016 ஏலத்தில் 2.17 கோடி டாலருக்குமேல் விலைபோனது. இன்ன கார், இன்னார் கையில் இருந்தது என்ற சான்று இல்லையேல் அந்த விலை இல்லை. காஞ்சிப் பட்டு உடுத்துவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடலையும் கரையையும் கோர்வையாக இணைத்த கைத்தறிச் சேலைக்கும், அதுபோலத் தோன்றும் விசைத்தறிச் சேலைக்கும் உள்ள விலை வேறுபாடு அவர்கள் அறிந்ததே. 

இந்தியாவில் 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு 2021இல் தனி விதிகள் வந்தன. 20,000 ரூபாய் கட்டினால் பத்தாண்டுக்குப் பதிவு, எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கவும் கூடாது. நியாயமான நிபந்தனை. ஆனால், மாற்றாமல் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் வேண்டுமே? தகட்டைத் தட்டி வளைக்கும் முதிய தொழிலாளர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் கற்க இளைஞர்களுக்கு ஒரு சான்றிதழ்ப் படிப்புகூட நம் மாவட்டத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

தன் பழைய கார்களைப் புதுப்பிப்பதற்கென்றே கோவென்ட்ரி அருகே 2017இல் ஒரு பெரும் பணிமனையைத் திறந்தது ஜாகுவார் லேண்ட் ரோவர். அதில் ஒரு சிறு கிளையைப் பனப்பாக்கத்திலும் கேட்டுப் பெறுவது அரசால் ஆகாத காரியமல்ல. ஆலைக்கு நிலமும் சலுகைகளும் தரும் அரசு, ஆண்டுக்கு ஐம்பது தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இக்கைத்தொழிலைக் கற்பிக்க வேண்டும் என்ற உறுதிமொழியையும் எழுதி வாங்கலாம்.