பொன்னாடை வேண்டாம், தீக்குச்சி போதும்



செப்டம்பர் 15 பொறியாளர் தினம். 1861இல் அந்தத் தேதியில் பிறந்த விசுவேசுவரய்யாவின் படத்துக்குக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் மாலை விழும். சில பொறியாளர்கள் பக்கத்துப் பள்ளிக்குச் சிறப்பு விருந்தினராகப் போவார்கள். அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வரவேற்புரை, பொன்னாடை, பிறகு “நானும் உங்களைப் போலப் படித்தவன்தான், கணக்கைக் கண்டு பயப்படாதீர்கள், கனவு காணுங்கள்” என்று அரைமணி நேரப் பேச்சு. பிள்ளைகள் கை தட்டுவார்கள். குரூப் போட்டோ எடுத்து, டீ குடித்து, விருந்தினர் வண்டி ஏறியதும் ஏழாம் வகுப்புப் பிள்ளை மறுபடி அதே விகிதக் கணக்கில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

போகிறவர்களின் மனம் நல்ல மனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பயப்படாதே என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை. கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் போகும். அதற்கு ஓர் ஆள் உதாரணமாக இருக்கிறார்.

அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் மின்பொறியியல் முடித்தவர். புனேயில் டெல்கோ லாரி ஆலையில் வேலை. 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே 1972இல் பதினாறு கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து, தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுத வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மனத்தில் எழும் எந்தக் கேள்வியையும் ‘சவாலிராம்’ என்ற பெயருக்குக் கடிதமாகப் போடலாம். அப்படி ஓர் ஆள் கிடையாது, ஆனால் பதில் வந்துவிடும்!

அங்கத்திய சந்தையில் மலிவாகக் கிடைத்த இரண்டு பொருள்களைத்தான் குப்தா கையில் எடுத்தார். தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப். மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்ட குச்சிகளை, வெட்டிய ட்யூப் துண்டுகளில் செருகினால் இணைப்பு தயார். நான்கு குச்சியில் ஒரு சதுரம் செய்து மூலையில் அழுத்துங்கள், சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். ஐங்கோணமும் ஆடும். முக்கோணம் மட்டும் அசையாது. பாலத்தின் பக்கவாட்டிலும் செல்போன் கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்று அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையே ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டிவிடும்.

அந்தக் குச்சி விளையாட்டுகள் புத்தகமாகிப் பல இந்திய மொழிகளுக்குப் போயின. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஹோஷங்காபாத் திட்டத்தை 2002இல் அந்த மாநில அரசு நிறுத்திவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல முயற்சி என்பதாலேயே ஒன்று நிலைத்துவிடுவதில்லை. ஆனால் தீக்குச்சியை யாராலும் தடை செய்ய முடியவில்லை. கோவில்பட்டியும் சிவகாசியும் இருக்கிற மாநிலத்தில் நமக்கு அதற்குப் பஞ்சமும் இல்லை.

“எங்களுக்குக் கைவேலை வராதே” என்று சொல்லும் பொறியாளர்களும் உண்டு. வேண்டாம். உங்கள் அலுவலகக் கணக்கையே எடுத்துப் போங்கள். மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்வோம். 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. என்று செய்தியில் படிக்கிறோம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். வினாடிக்கு 10,000 கன அடி திறந்துவிட்டால் ஒரு நாளில் எவ்வளவு போகும்? 86,400 வினாடிகளால் பெருக்கினால் 86.4 கோடி கன அடி, அதாவது ஒரு டி.எம்.சி.க்கும் கொஞ்சம் குறைவு. மேலேயிருந்து ஒரு சொட்டுக்கூட வராவிட்டால், நிறைந்த அணை எத்தனை நாள் தாங்கும்? வகுத்துப் பாருங்கள், 108 நாள். ஜூன் 12இல் திறந்தால் செப்டம்பர் கடைசியில் தரை தட்டிவிடும். ஆனால் பாசனத்துக்கு ஜனவரி 28 வரை தண்ணீர் தர வேண்டும், 230 நாள்.

பெருக்கலும் வகுத்தலும்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் டெல்டாவில் படிக்கும் ஒரு பிள்ளை இதைத் தன் கையால் போட்டுப் பார்த்தால், அப்பா ஏன் தினமும் கர்நாடகத்து மழையைப் பற்றியே பேசுகிறார் என்பது விளங்கிவிடும். காவிரியில் மேட்டூருக்கு மேலே, கர்நாடகத்தில் இருக்கும் கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை 1911இல் தொடங்கியபோது மைசூரின் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யாதான். பொறியாளர் தினத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குத் தோன்றவில்லை. (காவிரிக் கரைக்காரர்கள் முறைக்க வேண்டாம், மாலையை நான் போடச் சொல்லவில்லை.)

மின்வாரியத்தில் இருப்பவர் வீட்டு மின்கட்டண ரசீதைக் கொண்டுபோகலாம். சாலை போடுகிறவர் வளைவில் சாலையின் வெளிப்புறம் ஏன் உயர்ந்திருக்கிறது என்று கேட்கலாம். மென்பொருள்காரர்கள் கணினி இல்லாமலே, பெயர்ச்சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கும் போட்டி வைக்கலாம். எந்த முறையில் அடுக்கினால் சீக்கிரம் முடிகிறது என்ற சண்டையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிப் பள்ளிக்குப் போக வழியில்லாமலும் இல்லை. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இந்த வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது, சிறுவர்களுக்காகத் ‘துளிர்’ இதழையும் நடத்துகிறது. அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. எதிலும் சேராமல் தனியாகப் போக நினைப்பவர்கள், ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து அனுமதி கேட்டால் போதும்.

போகிறவர்களிடம் சில சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வகுப்பு ஆசிரியர்தான் அந்த வீட்டுக்காரர், நீங்கள் விருந்தாளி. முதல் நாள் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவர் பாடம் எடுப்பதைக் கவனியுங்கள். நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கட்டி மேய்ப்பது, சர்வரைக் கட்டி மேய்ப்பதைவிடக் கடினம் என்பது அன்றே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் பழகிய சொல் நாவில் சிக்கினால் பிள்ளைகளையே கேளுங்கள், அவர்கள் பாடப்புத்தகத்தில் அதற்குத் தமிழ் இருக்கிறது. விடை தெரியாத கேள்வி வந்தால் “தெரியலை, பார்த்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி அடுத்த வாரம் போய் நில்லுங்கள். பெரிய படிப்பு படித்தவருக்கும் தெரியாதது உண்டு, அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் வேறெங்கும் நேரில் பார்ப்பதில்லை. ஒரு முறை போய்விட்டு வராமலிருப்பதைவிடப் போகாமலிருப்பதே நல்லது. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அக்கா வருவார் என்று காத்திருக்கும் பிள்ளையை ஏமாற்றக் கூடாது.

அக்கா என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். நம் வாசகிகளில் பொறியாளர்கள் நிறையப் பேர். ஒரு பெண் வோல்ட்மீட்டரோடு வகுப்புக்குள் நுழைவதை முன்வரிசைப் பெண் பிள்ளைகள் பார்க்கட்டும், தனிப் பேச்சு எதுவும் வேண்டாம்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிறவர்களை மேடையேற்றாதீர்கள், நேராக வகுப்பறைக்குள் அழைத்துப் போங்கள். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் கேட்டு, பதில் கிடைக்காமல் நிற்கும் கேள்விகளை எங்களுக்கு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பொறியாளர்களாக இருக்கும் வாசகர்கள் எந்தத் துறை, எந்த ஊர் என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கும் வேலையை ஆசிரியர் குழு ஏற்றுக்கொள்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்