ஈறும் பல்லும் இணையும் இடம்

“பல்லைச் சுத்தம் செய்தால் ஆடத் தொடங்கிவிடும்.” மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என எப்பகுதியிலிருந்து வருவோராயினும், எங்கள் பல் மருத்துவப் பிரிவில் பலரும் இந்த அச்சத்தைச் சொல்கிறார்கள். ஈறுகளில் இரத்தம் கசிந்தும், உடல்சூடு என்று எண்ணி மோர் அருந்திக் காத்திருப்போர் உண்டு. (மோர் நல்லதுதான், ஈறு நோயைத் தீர்க்காது.) இந்த அச்சம் ஆதாரமற்றது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வியன்னா நகரில் பெர்ன்ஹார்ட் காட்லீப் என்ற யூத மருத்துவர், பல்லையும் தாடையையும் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஈறு பல்லைச் சுற்றி வெறுமனே நிற்கவில்லை. அதன் மேல்தோல் பல்லோடு ஒட்டியிருக்கிறது என்று 1921-இல் எழுதினார். பின்வந்தோர் அதைத் திருத்தியும் விரித்தும் வளர்த்தனர். பற்காரையில் தங்கும் கிருமிகளால் அந்த ஒட்டு சிதைந்து, உள்ளே எலும்பும் கரையும்போதே பல் பிடிமானத்தை இழக்கிறது. காரையை அகற்றியபின் பல் ஆடுவதாகத் தோன்றினால், எலும்பு முன்னரே கரைந்திருந்தது என்று பொருள். காரை அதை மறைத்திருந்தது, அவ்வளவே.

1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் காட்லீப் வெளியேறினார். எருசலேம் சென்று, பின்னர் அமெரிக்காவின் டல்லாஸில் கற்பித்து, 1950-இல் அங்கேயே மறைந்தார். வியன்னாவின் யூத அறிஞர்களான ஹாரி சிக்கரும் ஜோசப் வைன்மனும் சிக்காகோவில் அடைக்கலம் பெற்றனர். காட்லீப்புடன் ஆராய்ந்த பாலின்ட் ஆர்பன் தொகுத்த வாய்த்திசுவியல் நூல் 1944-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆர்பனுக்குப்பின் அதைப் பதிப்பித்தவர் சிக்கர். நம் ஊர்ப் பல் மருத்துவ மாணவர்கள் முதலாண்டில் ‘ஆர்பன்’ என்று சுருக்கமாகக் குறிப்பிடுவது அந்நூலின் இன்றைய பதிப்பைத்தான். பிறப்பின் பெயரால் துரத்தப்பட்டோரின் அறிவு இத்தனை தொலைவு வந்து சேர்ந்திருக்க, நாம் அச்சத்தால் அதைப் பயன்படுத்தாதிருப்பது எங்களுக்கு வருத்தமளிக்கிறது.

சர்க்கரை நோய் உள்ளோருக்கு ஈறு நோய் விரைவில் முற்றக்கூடும். வீட்டுப் பெரியவரைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அடுத்த முறை அழைத்து வரும்போது, அவருடைய ஈறுகளையும் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.