ஷாப்லி: பேர்ல என்ன இருக்கு? நிறைய இருக்கு!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. பி.காம். படிக்கிறவன் ஒயினைப் பற்றி எழுதினால் அதில் ஒயினைவிட வியாபாரம்தான் தூக்கலாக இருக்கும். :)

பிரான்ஸில் பர்கண்டி வட்டாரத்தின் வடகோடியில், செரேன் ஆற்றங்கரையில் ஷாப்லி என்று ஒரு சின்ன ஊர். அதைச் சுற்றி விளையும் வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர்தான். திராட்சை ஒரே ரகம்: ஷார்டனே. உலகம் முழுக்க விளைகிற அதே ஷார்டனேதான். ஆனால் இங்கே குளிர் அதிகம் என்பதால் பழத்தில் புளிப்பு தங்கிவிடுகிறது. ஓக் பீப்பாய் வாசனையும் பெரும்பாலும் ஏறுவதில்லை. இனிப்பு கிடையாது. பச்சை ஆப்பிள், எலுமிச்சை, நனைந்த கல் என்றெல்லாம் இதை வர்ணிக்கிறார்கள்.

இதற்குப் பேர்போன ஜோடி, பச்சையாகச் சாப்பிடும் கடல் சிப்பி. மீன், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் கூட ஒத்துப்போகும். காரணம் எளிது. வறுத்த மீன்மேல் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை ஒயினின் புளிப்பே செய்துவிடுகிறது. அந்த ஊர் மண்ணிலும் சுமார் 15 கோடி வருடத்துச் சிப்பிப் படிவங்கள் கிடக்கின்றன. அந்தச் சிப்பிதான் ருசியாக வருகிறது என்பதை நான் நம்பவில்லை. குளிரை நம்புகிறேன்.

அந்தக் குளிருக்கு ஒரு விலை உண்டு. ஏப்ரலில் துளிர் விடும் நேரம் பார்த்து உறைபனி இறங்கும். ராத்திரி முழுக்கக் கொடிகளுக்கு நடுவே நெருப்பு மூட்டுவார்கள். இல்லையென்றால் தண்ணீர் தெளித்து, துளிர்மேல் பனிக்கட்டியையே கவசமாகப் போர்த்துவார்கள். அப்படியும் 2016-லும் 2021-லும் பலத்த அடி.

இப்போது மேட்டருக்கு வருவோம். ஷாப்லி என்ற பெயருக்கு பிரான்ஸில் 1938-லேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஆனால் அமெரிக்காவில் ஏதேதோ திராட்சையில் செய்த மலிவு ஒயினைப் பெரிய ஜாடிகளில் ஊற்றி 'ஷாப்லி' என்று விற்றார்கள். ரோஸ் கலர் ஷாப்லிகூட வந்தது! 2006-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. புதிதாக யாரும் இப்படிப் பெயர் வைக்கக்கூடாது, ஏற்கனவே வைத்தவர்கள் தொடரலாம் என்றார்கள். புறம்போக்கில் ரொம்ப நாள் இருந்தவனுக்குப் பட்டா கொடுத்த கதைதான். 2010-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியா இந்தப் பெயரைக் கைவிட்டது. அதுதான் நியாயம்.

"இது பொதுப்பெயர் ஆகிவிட்டது, சந்தையில் போட்டி வேண்டாமா?" என்று கேட்கலாம். தாராளமாகப் போட்டி போடட்டும். ஷார்டனே என்று எழுதி விற்றால் யார் தடுக்கிறார்கள்? திராட்சை எல்லோருக்கும் சொந்தம், ஊர் பெயர் அப்படியில்லை. ஒரு கம்பெனி தன் நற்பெயரை விலைக்கு விற்கலாம். ஊரின் நற்பெயர் பனியில் கண்விழித்த அத்தனை விவசாயிகளின் கூட்டுச் சொத்து, எவருடைய ஐந்தொகையிலும் அது தனியாக ஏறாது. அதனால்தான் திருடுவது சுலபம். நம் டார்ஜிலிங் தேயிலை 2004-ல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீடு வாங்கியதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஏமாறுவது விவசாயி மட்டுமல்ல. சிப்பிக்குத் தோதான புளிப்பு என்று நம்பிக் காசு கொடுத்தவருக்கு இனிப்புத் தண்ணீர் கிடைத்தால், அவர் வாங்கியது என்ன? வெறும் லேபிள்தானே?

நீங்க என்ன சொல்றீங்க?