கண்ணுக்குள் போன லென்சுக்கு ரசீது எங்கே?

மிக்சி வாங்கினால் கேரண்டி கார்டு கேட்கிறோம். கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினால் கூட "எந்தக் கம்பெனி, எத்தனை மாசம் வரும்?" என்று விசாரிக்கிறோம். குடையை விரித்துப் பார்க்காமல் காசு கொடுப்பவர் உண்டா?

ஆனால் கண்ணுக்குள் வைக்கிற லென்சு? சாகும் வரை அங்கேயே இருக்கப் போகிற பொருள். அது எந்தக் கம்பெனி, என்ன பவர், என்ன விலை? ஆபரேசன் செய்துகொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். சீட்டை பத்திரமாக எடுத்து வைத்திருப்பவர் சிலர்தான். மற்றவர்கள் கையை விரிக்கிறார்கள்.

கண் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைகளில் கருப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். பாரிமுனைப் பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். பக்கத்தில் மகன்.

"மூணு பேக்கேஜ் சொன்னாங்க சார். ஓட்டல்ல மினி மீல்ஸ், புல் மீல்ஸ், ஸ்பெஷல் மீல்ஸ்னு சொல்ற மாதிரி. ரொம்ப கம்மியானத எடுத்தா அப்பாவுக்கு குறை வச்ச மாதிரி ஆயிடும். நடுவுல இருக்கறத எடுத்துக்கிட்டோம்" என்றார் மகன்.

"என்ன லென்சு?"

"பாரின் லென்சு."

"எந்த நாடு?"

"பாரின்தான் சார்!"

பில்லைக் காட்டினார். "லென்சு மற்றும் ஆபரேசன் பொருட்கள்" என்று ஒரே வரி. எதிரே ஐந்து இலக்கத்தில் ஒரே தொகை. கம்பெனியிலேயே லென்சு ஏற்றி வரும் இஞ்செக்டர் என்பதால்தான் விலை கூடுதல் என்று கவுண்டரில் சொன்னார்களாம். அது என்ன என்று இவரும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

பழைய இரும்பை கிலோ கணக்கில் நிறுத்து, ஒரு ரூபாய் குறைந்தாலும் சண்டை போடுகிற மனிதர் இவர்!

முறுக்கு நாழி

இஞ்செக்டர் என்பது பெரிய மர்மம் இல்லை. நம் வீட்டு முறுக்கு நாழிதான். அதன் மிகச் சின்ன அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண் பாப்பாவுக்குப் பின்னால் இயற்கையே வைத்த லென்சு ஒன்று உண்டு. வயதாக ஆக அது மங்கிப் போவதுதான் கண்புரை. டாக்டர் அந்த மங்கலை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய பையை மட்டும் விட்டுவைக்கிறார். அந்தப் பைக்குள்தான் புது லென்சு போய் உட்கார வேண்டும்.

புது லென்சின் வட்டம் சுமார் 6 மில்லி மீட்டர். சட்டைப் பொத்தானில் பாதி. பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் மெல்லிய கைகள். கைகளோடு சேர்த்தால் 12, 13 மில்லி மீட்டர் வரும். ஆனால் இன்றைய நவீன ஆபரேசனில் கண்ணில் போடுகிற துளையோ 3 மில்லி மீட்டர் கூட இல்லை! இரண்டே கால் முதல் இரண்டே முக்கால் வரைதான்.

அந்தச் சந்தில் இது எப்படி நுழையும்? மடித்தால்தான் நுழையும். வெற்றிலையைச் சுருட்டுவது போல.

இதற்காக மருதாணி கோன் மாதிரி நுனி கூம்பிய ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் என்பார்கள். உள்ளே கொழகொழ என்று ஒரு ஜெல் விடுவார்கள். லென்சை அதில் வைத்து மூடினால் அது சுருண்டுகொள்ளும். பின்னாலிருந்து தண்டால் தள்ள வேண்டும். முறுக்கு நாழியில் அழுத்துவதும் உண்டு, திருகுவதும் உண்டு அல்லவா? இதிலும் அப்படியே. திருகு வகைக்கு இரண்டு கையும் வேண்டும். அழுத்து வகைக்கு ஒரு கை போதும். நுனி வழியாக லென்சு கண்ணுக்குள் இறங்கி மெதுவாக மலரும்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கோளாறும் இங்கேதான். ஜெல் போதாவிட்டால் லென்சு சிக்கும். அவசரப்பட்டுத் தள்ளினால் லென்சில் கீறல் விழும். கை ஒடியும், அல்லது லென்சு தலைகீழாக விழும். கூம்பு நுனியே விரிந்து பிளப்பதும் உண்டு. கம்பெனியிலேயே லென்சை ஏற்றி அனுப்புவது இதைக் குறைக்கத்தான். இடுக்கி படாது, கை படாது. நல்ல வசதி. அதை நான் மறுக்கவில்லை.

விமானக் கண்ணாடி

லென்சு வந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேய விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்தன. கண் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை. இதைக் கவனித்தவர் லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி. அதே வகை பிளாஸ்டிக்கில் லென்சு செய்து 1949-ம் ஆண்டு நவம்பரில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார். பாராட்டு கிடைத்ததா? இல்லை. சக டாக்டர்களே கரித்துக் கொட்டினார்கள். 2000-ம் ஆண்டில்தான் அவருக்கு 'சர்' பட்டம் வந்தது. மறு ஆண்டு இறந்துபோனார்.

அவருடைய லென்சு மடியாது. முரட்டுத் துண்டு. எனவே பெரிய வாயாகக் கீறி, இடுக்கியால் வைத்து, தையல் போட வேண்டும். 1967-ல் நியூயார்க் டாக்டர் சார்லஸ் கெல்மன், பல் டாக்டர் பல் சுத்தம் செய்யும் கருவியைப் பார்த்து யோசனை பிடித்து, புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டு வந்தார். துளை சின்னதாகிவிட்டது. 1980-களில் மடியும் லென்சும் வந்தது. அதை உள்ளே அனுப்பத்தான் இந்த நாழி.

அதற்கு முன் நம் தாத்தா பாட்டிகள் ஆபரேசனுக்குப் பிறகு நாட்கணக்கில் தலையை அசைக்காமல் படுத்துக் கிடந்தார்கள். பிறகு சோடாபுட்டி கண்ணாடி. அது உடைந்தால் பார்வையும் போச்சு!

விலை ஏறினால் பார்வை ஏறுமா?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

இஞ்செக்டர் உயர்ந்ததாக இருந்தால் பார்வையும் உயர்ந்ததாக இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நினைக்க விடுகிறார்கள். அது சரியல்ல. இஞ்செக்டரால் துளை சின்னதாகிறது. புண் சீக்கிரம் ஆறுகிறது. கண்ணின் முகப்பு வளைவது குறைவு என்பதால் பிறகு கண்ணாடி பவர் தேவையும் குறையலாம். அவ்வளவுதான். எழுத்து தெளிவாகத் தெரிவது லென்சின் பவரை சரியாக அளந்தார்களா, உள்ளே விழித்திரை நன்றாக இருக்கிறதா, டாக்டரின் கைப்பழக்கம் எப்படி என்பதில் இருக்கிறது.

முகாம்களில் ஆறு, ஏழு மில்லி மீட்டரில் சுரங்கம் மாதிரி ஒரு வழி போட்டு, மடியாத லென்சையே வைக்கிறார்கள். தையல் கிடையாது, தானாக மூடிக்கொள்ளும். இதையும் நவீன முறையையும் இந்தியாவிலும் நேபாளத்திலும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தால் இரண்டிலும் பார்வை ஏறக்குறைய சமம் என்றுதான் வந்தது.

எனவே கையில் பணம் இல்லாமல் முகாமுக்குப் போனவர் அப்பாவுக்குக் குறை வைத்ததாக நினைக்கவே வேண்டாம். எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. உலகிலேயே பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அங்கே போவதற்கு வெட்கம் என்ன?

விலையைக் குறைக்க முடியாது என்பதும் கதை. மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அப்போது வெளிநாட்டு லென்சு ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. ஏழைக்கு எப்படி வைப்பது? 1992-ல் மதுரையிலேயே அரோலேப் என்று தொழிற்சாலை வைத்தார்கள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது! இன்று மதுரை லென்சு வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. அங்கே நம் லென்சுதான் 'பாரின் லென்சு'. இரும்புக்கடைக்காரர் மகனிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார்.

ஒரு முறைக்கு மட்டும்

இஞ்செக்டரில் இரண்டு வகை. டைட்டானியத்தில் செய்தது ஒன்று. கழுவி, நீராவியில் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தவே செய்யப்பட்டது. அதில் தவறில்லை. இன்னொன்று பிளாஸ்டிக். ஒரு முறைக்கு மட்டும் என்று உறையிலேயே போட்டிருக்கும். கூம்புக் குழலின் உள்ளே வழுக்கும் பூச்சு இருக்கிறது. ஒரு லென்சு போனதும் அது தேயும். கிருமியைக் கொன்றாலும், கழுவிய சோப்பு மருந்தின் மிச்சம் ஒட்டியிருந்தால் ஒன்றிரண்டு நாளில் கண் கொதித்துச் சிவந்துவிடும். டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி இது.

நான் கேட்பது இதுதான். ஒரு முறைக்கான பொருளுக்கு முழு விலை பில்லில் ஏறினால், அந்த உறை என் கண்ணுக்காக மட்டும் கிழிக்கப்பட்டதா? ஒரு முறைக்குக் காசு வாங்கினால் ஒரு முறைதான். சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் கருவி என்றால், அதற்குப் புதுப்பொருள் விலை போடக்கூடாது.

"லென்சு மட்டுமா சார் செலவு? மெஷின், நர்சு, கரண்டு, ஜெல் எல்லாம் யார் கணக்கு?" என்று ஒரு டாக்டர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதையும் எழுதுங்கள் என்கிறேன். மெக்கானிக் கூட ஸ்பேர் பார்ட்ஸ் தனி, கூலி தனி என்று எழுதுகிறாரே!

தடயம்

கிரைம் செய்தி எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் தடயம் தேடுவான்.

2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஒரு முகாமுக்குப் பிறகு 60-க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தார்கள். 2021 நவம்பரில் பீகார் முசாபர்பூரில் பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. இஞ்செக்டர் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. இப்படி ஒன்று நடந்தால் விசாரணைக்கு வருகிறவர் முதலில் கேட்பது, எந்த பேட்ச் லென்சு, எந்த பேட்ச் மருந்து என்பதைத்தான். சீட்டு இல்லை என்றால் தடயமும் இல்லை.

ஆள் மாறாட்டமும் நடக்கக்கூடியதே. ஒருவருக்கு 20 பவர், அடுத்தவருக்கு 23. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நாளில் வரிசையில் இருந்தால்? (ஒரே பெயரால் தப்பான ஆளை போலீசார் பிடித்து வந்த செய்தியை எத்தனை தடவை எழுதியிருக்கிறோம்!) பவர் மாறிய லென்சை வைப்பதை, நடக்கவே கூடாத தவறுகளின் பட்டியலில் இங்கிலாந்தில் சேர்த்திருக்கிறார்கள். பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்றால் நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது கண்ணுக்கும் இந்தச் சீட்டு உதவும். முதல் கண்ணில் என்ன வைத்தார்கள், எப்படித் தெரிகிறது என்று பார்த்துத்தான் அடுத்ததைத் தீர்மானிப்பார்கள். வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போனால் அவருக்கு எப்படித் தெரியும்?

சட்டம் இல்லாமல் இல்லை. கண் லென்சு 2005-லேயே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பெட்டி மேல் பேட்ச் எண், காலாவதி தேதி, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். இருதய ஸ்டெண்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் 2017-ல் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. ஸ்டெண்டில் எத்தனை மடங்கு லாபம் என்று அப்போது வெளிவந்தபோது ஊரே வாய் பிளந்தது. கண் லென்சு அந்த ஆண்டுப் பட்டியலில் இல்லை. காசு கொடுத்துச் செய்துகொண்ட வைத்தியத்தில் குறை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட்டுக்கு எதைக் கொண்டு போவது? ஒரே வரி பில்லையா?

தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கு விதிகள் வர 2018 ஆகிவிட்டது. சுகாதாரத் துறை அதிகாரிகள் அந்த விதிகளில் இரண்டு வரி சேர்க்கட்டும். லென்சு விலை, இஞ்செக்டர் விலை, டாக்டர் கட்டணம் மூன்றும் பில்லில் தனித்தனியாக, தமிழில் இருக்க வேண்டும். லென்சு சீட்டை ஒட்டாத டிஸ்சார்ஜ் காகிதம் செல்லாது. இலவச ஆபரேசனுக்கும் இதே விதிதான். காசு வாங்காவிட்டாலும் கண் கண்தானே!

இதற்குப் புதுச்செலவு ஒன்றும் கிடையாது. லென்சு பெட்டிக்குள்ளேயே உரித்து ஒட்டும் சீட்டுகளைப் போட்டுத்தான் கம்பெனிக்காரர்கள் அனுப்புகிறார்கள். ஒன்று ஆஸ்பத்திரி ரிஜிஸ்தருக்கு, ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, இன்னொன்று உங்களுக்கு. ஆபரேசனுக்கு முதல் நாளே வார்டு நர்சிடம் சொல்லி வையுங்கள்: "சிஸ்டர், பெட்டியையும் சீட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. நாங்க வாங்கிக்கறோம்."

தயங்கினால் அந்த இடத்திலேயே கேளுங்கள். மறுநாள் போனால் பெட்டி குப்பை வண்டியில் ஏறியிருக்கும்.