காற்றின் எடை எவ்வளவு? கிணற்று மோட்டாரில் இருந்து ஒரு கணக்கு

பரமத்தி வேலூர் பக்கம் வாழைக்கும் வெற்றிலைக்கும் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது அத்துப்படி. கிணற்று மேட்டில் இருக்கும் மோனோபிளாக் மோட்டார், தண்ணீர் 7, 8 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் திணறும். எத்தனை எச்.பி. மோட்டார் போட்டாலும் இதே கதைதான். ஏன்?

மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்றின் எடை. அந்த எடை அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத்தான் தாங்கும். உராய்வு, கசிவு எல்லாம் போக மிஞ்சுவது 7, 8 மீட்டர்.

மொத்தம் எவ்வளவு?

அப்படியென்றால் கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 10.3 டன் காற்று நிற்கிறது. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கி.மீ. பெருக்கினால் சுமார் 5,250 லட்சம் கோடி டன். ஆனால், நிலம் முழுக்கக் கடல் மட்டத்தில் இல்லையே! கொல்லிமலை ஏறினாலே காற்றழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைந்துவிடும். மலை, மேடுகளுக்குக் கழித்தால் சுமார் 5,150 லட்சம் கோடி டன்.

தெரிந்து என்ன பயன்?

கருவிகள் கார்பன் டை ஆக்சைடின் பங்கை மட்டுமே அளக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் 10 லட்சம் மூலக்கூறுகளில் அது 280. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதை டன்னாக மாற்ற, மொத்தக் காற்றின் எடை தெரிய வேண்டும். 1 கூடினால் 780 கோடி டன். 140 கூடியதால் சுமார் 1.1 லட்சம் கோடி டன்.

யார் எவ்வளவு குறைப்பது என்று காலநிலை மாநாடுகளில் நாடுகள் போடும் பேரம் டன் கணக்கில்தான். அந்தக் கணக்கைக் காற்றில் அளந்து சரிபார்க்க, இந்த எடைதான் அடிப்படை.