காசநோய்க்கு ரத்தச் சோதனை போதுமா?

இருமல் சத்தம் தங்கவயல் லைன் வீடுகளுக்குப் புதிதல்ல. பாறையைத் துளைத்தபோது எழுந்த சிலிக்காத் தூசு தொழிலாளர் நெஞ்சில் படிந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் ஆராயப்பட்டதும் இங்கேதான், 1940களில். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால், படிந்த தூசு நெஞ்சை விட்டுப் போகவில்லை.

சிலிகோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும். எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதும் உண்டு. இந்நிலையில், 'துளி ரத்தம் போதும், காசநோயா இல்லையா என்று சொல்லிவிடலாம்' என்றால் ஏழைத் தொழிலாளி நம்பிவிடுவார். நம்பக்கூடாது என்பதே நம் கருத்து.

கிருமி நுழைந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் என்ற புரதம் உண்டாகிறது. எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிய அது நல்ல சாட்சி. காசநோய்க்கு அப்படியல்ல. என்றோ கிருமி தொற்றி, நோயாகாமல் அடங்கியவருக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். நோய் முற்றியவருக்கு இல்லாமலும் போகும்.

மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் 'ஆர்.ஏ. ஃபாக்டர்' சோதனையிலும் இதே தொல்லை உண்டு. எதிர்ப்பொருளின் அடிப்பகுதித் துண்டையே எதிர்த்து உடல் உண்டாக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அது. மூட்டுவாதமே இல்லாத காசநோயாளியிடமும் அது தென்படலாம்.

காசநோய்க்கு எதிர்ப்பொருள் சோதனை கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2011ல் அறிவித்தது. 2012 ஜூனில் மத்திய அரசு அந்தச் சோதனைப் பொருள்களின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை மூன்றையும் தடை செய்தது. நல்ல முடிவு. ஆனால், தடை மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது.

தவறாகக் 'காசநோய்' என்று முத்திரை குத்தினால், முதியவர் ஆறு மாதம் வீணாக மருந்து விழுங்குவார், ஈரலும் பாதிக்கப்படலாம். உண்மையான காசநோயைத் தவறவிட்டாலோ, அது வீட்டிலுள்ள பேரப்பிள்ளைகளைத் தொற்றும்.

ஆகவே, இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும். ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் கருவிகள் சில மணி நேரத்தில் கிருமியையே கண்டுபிடித்துவிடும். அரசுத் திட்டத்தில் இதற்குக் கட்டணமில்லை. ராபர்ட்சன்பேட்டை முதல் மாரிக்குப்பம் வரை முன்னாள் தொழிலாளர்களைத் தேடிச் சென்று சளி எடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மருத்துவர்களும், 'சுரங்கத்தில் என்ன வேலை, எத்தனை வருஷம்?' என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு எந்த ரத்தச் சோதனையும் பதில் சொல்லாது.